ஹெட் போல்ட்: விலை கூடியதா, மலிவா, பழையதா?

பட்டறைக் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெட் போல்ட் பற்றியவை, அதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையும் அதன் அடியிலுள்ள கஸ்கெட் தகட்டையும் கீழேயுள்ள புளொக்கோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது, திறந்த பிறகும் அந்த விலைக்குக் கிட்டப் போகக் கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதனால் வன்னியில் ஓடுகிற வானும் ட்ரக்டரும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று எஞ்சின் செய்துகொண்டே ஓடுகின்றன. காலபோக வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும்போது எல்லாரும் ஹெட்டைக் கழற்றுகிறார்கள். கழற்றிய பிறகு இந்தக் கேள்வி வருகிறது.

கேள்வி: அண்ணை, மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு ஆட்கள் ஏற்றி ஓடுகிற டொல்பின் வான் வைத்திருக்கிறேன், 3எல் எஞ்சின். ஹெட் கஸ்கெட் போய்விட்டது. ஒரு மெக்கானிக் அமெரிக்க ஸ்டட் (தலையில்லாத, மேலே நட் பூட்டுகிற போல்ட்) செட் எடுத்துப் போட்டால் இனி இந்தப் பக்கமே பார்க்கத் தேவையில்லை என்கிறார். இன்னொருவர் பழைய போல்டையே மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டலாம், காசை வீணாக்காதே என்கிறார். கடையில் பெயரில்லாத பெட்டியில் ஒரு செட் மிக மலிவாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: தம்பி, முதலில் அந்த போல்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம், பிறகு காசைப் பற்றிப் பேசலாம். உங்கள் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீற்றர். உள்ளே டீசல் எரியும்போது 80 பார் அழுத்தம் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை மேலே தூக்குகிற விசை ஏறக்குறைய 6 தொன், 70 கிலோ நெல் மூட்டைக் கணக்கில் எண்பதுக்கு மேல். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது அது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 தடவை நடக்கிறது. ஏ9 வீதியில் ஆட்களோடு நீங்கள் வேகம் பிடிக்கும்போதெல்லாம் ஹெட்டைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பது அந்த போல்டுகள்தான்.

அவை பிடிப்பது இழுபட்டு நிற்பதால். ஹெட் போல்டை ஒரு விறைப்பான ஸ்பிரிங் என்றே நினையுங்கள். 100 மில்லிமீற்றர் நீளமுள்ள போல்டைச் சரியாக இறுக்கினால் அது கால் மில்லிமீற்றரைவிடச் சற்றுக் கூட நீளும். அந்தச் சின்ன நீட்டம் திரும்பிச் சுருங்கப் பார்க்கிற விசைதான் கஸ்கெட்டை நெரித்து வைத்திருக்கிறது. இப்போது அமெரிக்க ஸ்டட் விஷயத்துக்கு வருவோம். கூடிய பலமுள்ள உருக்கும் சாதாரண போல்ட் உருக்கும் ஒரே விசைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் நீளும். வித்தியாசம் எங்கே என்றால், நல்ல உருக்கை இன்னும் கூட இழுக்கலாம், அது திரும்பி வரும். அப்படியென்றால் விலை கூடிய ஸ்டட்டை வாங்கிப் பழைய அளவு இழுவையிலேயே பூட்டினால் பழைய போல்ட் பிடித்த அதே பிடிதான் கிடைக்கும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் பலர். இன்னொரு பக்கம், பலமான ஸ்டட்தானே என்று கண்டபடி கூட்டி இறுக்கினால் சிலிண்டர் சுவர் வட்டம் கெட்டுப்போய் ஒயில் குடிக்கத் தொடங்கும்.

உங்கள் எஞ்சின் டர்போ இல்லாத, ஆறுதலான எஞ்சின். கம்பனி போட்ட போல்டே அதற்குப் போதும். அதனால் என் பதில்: ஸ்டட் வேண்டாம், பெயரில்லாத பெட்டி கட்டாயம் வேண்டாம். புதிதாக எடுப்பதென்றால் கம்பனி போல்ட், அல்லது கம்பனித் தரத்தில் கஸ்கெட் செட் செய்கிற பெயருள்ள நிறுவனத்தின் போல்ட் எடுங்கள். மிச்சக் காசில் ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்பு இருக்கிறதா என்று தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்யுங்கள். வளைந்த ஹெட்டை உலகத்திலேயே சிறந்த ஸ்டட் போட்டாலும் நிமிர்த்த முடியாது.

பழைய போல்டைக் கழுவிப் பூட்டலாமா என்பதற்குத் தனியாக எழுத வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த அடுத்த கடிதமும் அதையே கேட்கிறது.

கேள்வி: ஐயா, எங்களிடம் மாஸி 240 ட்ரக்டர் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து எத்தனையோ தடவை ஹெட் கழற்றியாயிற்று, ஒரு நாளும் ஸ்டட் மாற்றியதில்லை. இப்போது மகன் புதிதாக வாங்கிய வாகனத்துக்கு ஹெட் போல்ட் ஒரு தடவைக்கு மேல் பாவிக்கக் கூடாது என்று கராஜில் சொல்கிறார்கள். சாமான் விற்கிற தந்திரமா இது?

பதில்: தந்திரம் இல்லை ஐயா. உங்கள் அனுபவமும் சரி, அவர்கள் சொல்வதும் சரி. எஞ்சின் வேறு, போல்ட் வேறு.

மாஸி 240இல் இருப்பது பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின், 152 கன அங்குலம். புளொக்கில் ஸ்டட் நிற்கும், மேலே நட் வரும். அந்தத் தலைமுறை எஞ்சின்களில் ஸ்டட்டை அதன் மீள்தன்மைக்குள்ளேதான் இறுக்குவார்கள், அதாவது நட்டைக் கழற்றினால் ஸ்டட் தன் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். புரி நல்லது, துரு அரிக்கவில்லை, கழுத்து மெலியவில்லை என்றால் திரும்பத் திரும்பப் பூட்டலாம்.

நம்முடைய மூத்த மெக்கானிக்குகள் தொழில் பழகியது தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளை ஒரு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும், சூடேறும், ஹெட் கழற்றவேண்டி வரும், ஆனால் புதிய போல்ட் எங்கிருந்து வரும்? கழுவினார்கள், கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள், பூட்டினார்கள், ஓடியது. அந்தக் கைகளிடமிருந்துதான் நானும் படித்தேன். அந்த எஞ்சின்களுக்கு அவர்கள் செய்தது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

பின்னால் வந்த பல எஞ்சின்களில் முறை மாறிவிட்டது. போல்டை முதலில் ஒரு குறிப்பிட்ட டோர்க்குக்கு, அதாவது திருப்புகிற பலத்தின் அளவுக்கு இறுக்கி, அப்புறம் 90 பாகை, சிலதில் மீண்டும் 90 பாகை என்று திருப்பச் சொல்வார்கள். அந்தக் கடைசித் திருப்பலில் போல்ட் மீள்தன்மையைத் தாண்டிக் கொஞ்சம் நிரந்தரமாகவே நீண்டுவிடுகிறது. வேண்டுமென்றுதான் அப்படிச் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த நிலையில் எல்லா போல்டும் கிட்டத்தட்ட ஒரே இழுவையில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மெலிகிறது. பல ஐரோப்பிய எஞ்சின்களுக்கு ஒரு தடவை கழற்றினால் எறி என்பதுதான் கட்டளை. டொயோட்டாவின் பல எஞ்சின்களுக்குப் புத்தகத்தில் ஒரு குறைந்த விட்டமோ கூடிய நீளமோ கொடுத்திருப்பார்கள், வெர்னியர் போட்டு அளந்து அதற்குள் இருந்தால் திரும்பப் பாவிக்கலாம். மல்லாவித் தம்பிக்கும் இதுதான் பதில். கழுவுவது குற்றமில்லை, அளக்காமல் பூட்டுவதுதான் குற்றம்.

இதை நான் படித்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். சண்டை முடிந்து சில வருடங்களில், பாகைக் கணக்கில் இறுக்குகிற ஒரு எஞ்சினுக்குப் பழைய வழக்கப்படி பழைய போல்டையே பூட்டினேன். டோர்க் வரை ஒன்றும் தெரியவில்லை. கடைசி 90 பாகையில் நடுவரிசை போல்ட் ஒன்று பாதித் திருப்பலில் இளகியது. ஸ்பனர் போகிறது, ஆனால் கைக்குப் பாரம் கூடவில்லை, ஈர மண்ணில் கட்டை இறங்குவது போல ஒரு போக்கு. கழற்றி எடுத்தேன். பக்கத்து போல்டோடு புரிக்குப் புரி பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முதல் ஐந்தாறு புரி ஒன்றுக்குள் ஒன்று அழகாக உட்காருகிறது, அதன் பிறகு விலகிக்கொண்டே போய் இடையில் வெளிச்சம் தெரிகிறது. புரிக்கு மேலே கழுத்து, கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இடுங்கிப் போயிருந்தது. வாகனக்காரர் வாசலில் நிற்கிறார், அடுத்த நாள் ஓட்டம் இருக்கிறது. ஹெட்டைத் திரும்பக் கழற்றி, புதிய கஸ்கெட், புதிய போல்ட் எல்லாம் என் காசில் போட்டேன். அன்றிலிருந்து வெர்னியர் என் மேல்சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இந்தப் புரிக்குப் புரி சோதனையை யாரும் செய்யலாம். புதிய போல்ட் ஒன்றைக் கடையில் இரவல் கேட்டாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கிளிநொச்சி, வயது 24. பழைய லான்சர் ஒன்றுக்கு டர்போ பூட்டப் போகிறேன், பிஸ்டன், ரொட் எல்லாம் மாற்றுகிறேன். ஏஆர்பி ஸ்டட் போடத்தான் வேண்டுமா, அல்லது அதே மாதிரி இருக்கிற மலிவான செட் போதுமா? விலை நாலு மடங்கு வித்தியாசம்.

பதில்: தம்பி, உங்களுக்கு மட்டும் இந்த முறை நான் செலவழிக்கச் சொல்லப் போகிறேன்.

டர்போ போட்டால் சிலிண்டர் அழுத்தம் ஏறும், கம்பனி போல்ட் கணக்குப் பார்த்து வைத்த எல்லையை நீங்கள் தாண்டுகிறீர்கள். அங்கே கூட இழுக்கக் கூடிய ஸ்டட் தேவைப்படுகிறது. ஒரு அளவுக்குச் சொல்கிறேன்: சாதாரண 12 மில்லிமீற்றர் புரி போல்டில் 8.8 என்ற தரம் நீளாமல் தாங்கக் கூடியது ஏறக்குறைய 5 தொன், 10.9 என்றால் 7 தொன், 12.9 என்றால் 8 தொன்னுக்குச் சற்று மேல். ஏஆர்பி போன்றவர்கள் செய்கிற ஸ்டட்டுகள் 12.9ஐயும் தாண்டிப் போகும். கலிபோர்னியாவில் 1968இல் தொடங்கிய கம்பனி அது, பந்தய எஞ்சின்களுக்கென்றே போல்ட் செய்கிறவர்கள். உருக்கைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகே புரியை உருட்டி எடுக்கிறார்கள், அதனால் புரியின் அடிப்பள்ளத்தில் வெடிப்புத் தொடங்குவது குறையும். நீங்கள் கொடுக்கிற காசில் பெரும்பகுதி அதற்குத்தான், மினுக்கத்துக்கு இல்லை.

நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிற அதே மாதிரி செட்டில் உருக்கும் பதமும் செட்டுக்குச் செட் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் உங்களுக்குப் பொறுப்பு நிற்கப் போவதில்லை. பத்து ஸ்டட்டில் ஒன்பது நல்லதாக இருந்து ஒன்று மட்டும் நீண்டாலும் கஸ்கெட் அந்த இடத்தில் போகும். பிஸ்டனுக்கும் ரொட்டுக்கும் அவ்வளவு செலவழித்துவிட்டு இந்த இடத்தில் கை சுருக்காதீர்கள்.

ஆனால் பூட்டும் முறை தெரியாவிட்டால் அந்தக் காசும் போய்விடும். நாம் ஸ்பனரில் கொடுக்கிற பலத்தில் பாதி நட்டின் அடியில் உரசலுக்கே போகிறது, இன்னொரு நாற்பது வீதம் புரியில் போகிறது, மிச்சம் பத்து வீதம் அளவில்தான் போல்டை இழுக்கிறது. அப்படியென்றால் உரசல் கொஞ்சம் மாறினாலும் இழுவை நிறைய மாறும். ஸ்டட்டோடு ஒரு சின்னப் பையில் அல்லது டியூப்பில் தைலம் வரும், அதை எறிந்துவிட்டு எஞ்சின் ஒயில் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தருகிற டோர்க் கணக்கு அந்தத் தைலத்துக்கு உரியது. எஞ்சின் ஒயிலில் அதே டோர்க் கொடுத்தால் இழுவை குறைவாகவே வரும், நீங்கள் 12.9க்கு மேலான ஸ்டட்டைப் பூட்டி 10.9 வேலை வாங்குவீர்கள்.

ஸ்டட்டைப் புளொக்கில் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பனர் போடாதீர்கள். வோஷரின் ஒரு பக்கம் சரிவு வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் நட்டைப் பார்த்து நிற்கட்டும். மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் போங்கள். போரிங் செய்கிற இடத்தில் டோர்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பூட்டுகிற தடித்த தகடு) இருந்தால் அதைப் பூட்டிவிட்டு ஹோனிங், அதாவது சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குகிற வேலை, செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த ஸ்டட்டின் இறுக்கத்தில் சிலிண்டர் எப்படி நிற்கப் போகிறதோ அந்த நிலையில் அதை வட்டமாக்க வேண்டும். பிளேட் இல்லாத இடமென்றால் இருக்கிற ஒரு இடத்தைத் தேடிப் போங்கள், கொழும்பு வரை போனாலும் பரவாயில்லை.

கேள்வி: வணக்கம் அண்ணா, புதுக்குடியிருப்பில் உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். தலையில் 10.9 என்று அடித்த போல்டுகள் பல விலையில் வருகின்றன. வாங்கிப் போகிறவர்கள் என்னைத்தான் நம்புகிறார்கள். நல்லதைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, இப்படிக் கேட்கிற கடைக்காரர் கிடைப்பதே அரிது. தலையில் 10.9 என்று யாரும் அடிக்கலாம், அதனால் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் செய்தவரின் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தரம் மட்டும் இருந்து அடையாளம் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். அப்புறம் புரியைப் பாருங்கள். உருட்டி எடுத்த புரியின் அடியும் பக்கமும் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும், வெட்டி எடுத்த புரியில் நகத்தை ஓட்டினால் சுரண்டும், அடிப்பள்ளத்தில் கிழிசல் கோடுகள் தெரியும். ஒரு செட்டில் உள்ள எல்லா போல்டையும் மேசையில் நிறுத்தி வையுங்கள். நீளமும் தலையின் உயரமும் ஒன்றுபோல இல்லாத செட்டைத் திருப்பி அனுப்புங்கள். சமையல் தராசில் நிறுத்தால் நிறை வித்தியாசமும் தெரியும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் உருக்கின் பதத்தைக் கண்ணால் காண முடியாது, ஆகையால் கொழும்பு உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் யாரிடம் எடுத்தாலும் பில் போட்டுத் தருகிறவரிடம், ஒரே ஆளிடம் எடுங்கள். உங்கள் வாடிக்கையாளருக்கும் பில் போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. கடை வாசலில் வெயில் மழை படுகிற தட்டில் ஹெட் போல்டுகளைத் திறந்து வைக்காதீர்கள். புரியில் பிடிக்கிற துருவும் உரசலைக் கூட்டும்.

கேள்வி: டோர்க் றெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் இறுக்கலாமா? பாகை பார்க்கிற கருவி கட்டாயமா? (துணுக்காய்)

பதில்: டோர்க் றெஞ்ச் கட்டாயம். முப்பது வருடக் கையும் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி. வேலை முடிந்ததும் றெஞ்சை அதன் ஆகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், இறுகிய போல்டை அதால் கழற்றாதீர்கள். பாகைக் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போல்டின் தலையில் ஒரு வெள்ளைப் பெயின்ற் புள்ளி போதும், 90 பாகை என்பது கால்வட்டம்தானே. புள்ளி முன்னுக்கு இருந்தது பக்கத்துக்கு வந்தால் முடிந்தது. எல்லா போல்டிலும் புள்ளி ஒரே திசையைப் பார்க்கிறதா என்று கடைசியில் ஒரு தடவை பாருங்கள், தவறவிட்ட போல்ட் உடனே கண்ணில் படும்.

கேள்வி: ஹெட் இறுக்கும்போது புளொக் வெடித்துவிட்டது. போல்ட் புதியது, டோர்க்கும் சரி. ஏன்? (மாங்குளம்)

பதில்: புளொக்கில் போல்ட் இறங்குகிற துளை அடி அடைத்த துளையாக இருந்திருக்கும், உள்ளே தண்ணீரோ ஒயிலோ தேங்கி நின்றிருக்கும். திரவம் நெரிபடாது. போல்ட் இறங்க இறங்க அது போக இடமில்லாமல் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். ஹெட்டைக் கழற்றும்போதே கூலன்ற் அந்தத் துளைகளுக்குள் வழிகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு துளைக்கும் கொம்பிரஸர் காற்று அடியுங்கள், பிறகு மெல்லிய கம்பியில் துணி சுற்றி விட்டுப் பாருங்கள், காய்ந்து வரவேண்டும். புரி துப்புரவாக்க வெட்டுகிற டப் போடாதீர்கள், அது புரியின் சதையை எடுத்துவிடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு அதை விட்டு எடுங்கள், அழுக்கெல்லாம் அந்த வெட்டில் வந்து சேரும்.

கேள்வி: விசுவமடுவில் தோட்டத்துக்கு இறைக்கிற டீசல் பம்ப். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கஸ்கெட் போகிறது. இந்தத் தடவை நல்ல விலையுள்ள போல்ட் போட்டால் நிற்குமா?

பதில்: றேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கிணற்றுத் தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். நம்முடைய பக்கத்துத் தண்ணீர் கடினத்தன்மை கூடியது, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு எஞ்சினின் தண்ணீர் வழிகளிலும் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. ஹெட் அலுமினியம் என்றால் நிலைமை இன்னும் மோசம். 100 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியம் 80 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.18 மில்லிமீற்றர் விரியும், அதே நீளத்து உருக்கு போல்ட் அதில் பாதிதான் விரியும். எஞ்சின் அளவு மீறிக் கொதிக்கும்போது ஹெட் மேலே தள்ள, போல்ட் விடாமல் பிடிக்க, நடுவில் கஸ்கெட்டும் ஹெட்டும் நசிகின்றன. ஆறிய பிறகு பிடி தளர்ந்துவிடும். ஒவ்வொரு கொதிப்பிலும் இது நடக்கிறது.

விலை கூடிய போல்ட் இதற்கு மருந்தில்லை. தண்ணீர் வழிகளைக் கழுவி எடுங்கள், கூலன்ற் ஊற்றுங்கள், அது கட்டாதென்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோடு துருத் தடுப்பு மருந்தாவது கலந்து ஊற்றுங்கள். சாதாரண கம்பனி போல்டே போதும். கழற்றிய பழைய போல்டுகளைத் துடைத்துக் கழுத்தைப் பாருங்கள், தண்ணீர் பட்ட இடத்தில் ஊசி குத்தியது போலத் துருப் பள்ளங்கள் இருந்தால் அந்த செட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.